திறன்பேசியின் ஒலித்தரம்: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

வள்ளுவர் தம் நூலில் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை அமைத்தார். கண்ணால் கற்பதற்கு நிகராகச் செவியால் கேட்பதையும் நம் முன்னோர் அறிவின் வாயிலாக மதித்தனர் என்பதற்கு அவ்வைப்புமுறையே சான்றாகும். ஒலி பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில் வகுத்துரைத்தார். உள்ளிருந்து எழும் காற்று எந்த உறுப்பைத் தொட்டு எந்த எழுத்தொலியாகிறது என்று பகுத்துக் காட்டிய நுட்பம் அவருடையது. ஒலி பிறக்கும் வழியை அவர் பகுத்தது போலவே, பிறந்த ஒலி நம் செவியை வந்தடையும் வழியையும் பகுத்துப் பார்க்கும் தேவை இக்காலத்தில் எழுந்துள்ளது. இன்று நாம் கேட்கும் பாட்டும் பேச்சும் சொற்பொழிவும் பெரும்பாலும் திறன்பேசி வழியாகவே வருகின்றன அன்றோ?

"நல்ல ஹெட்போன் வைத்துக் கேட்பதற்கு எந்தத் திறன்பேசி சிறந்தது?" என்னும் வினா மாணவர்களிடையே அடிக்கடி எழுகிறது. விளம்பரங்கள் இவ்வினாவுக்கு எண்களால் விடை கூறுகின்றன. 32 பிட் என்றும், 384 கிலோஹெர்ட்ஸ் என்றும் பெரிய எண்கள் பெட்டியின் மேல் அச்சிடப்படுகின்றன. எண் பெரிதானால் ஒலியும் இனிதாகும் என்று மகன் நம்புகிறான். அந்த நம்பிக்கைக்குரிய விலையைத் தந்தை தருகிறார். அவ்விலை ஒரு பருவத்தின் கல்விக் கட்டணத்தையே விஞ்சுவதும் உண்டு. ஆதலின், திறன்பேசிகளுக்கிடையே ஒலித்தரத்தில் உண்மையான வேறுபாடு எங்கே உள்ளது, எங்கே இல்லை, அதை நாமே அறியும் முறை யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஒலி வரும் வழி

பதிவு செய்யப்பட்ட ஒரு பாடல் நம் செவியை அடைவதற்குள் ஆறு நிலைகளைக் கடக்கிறது. முதலாவது, ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்யப்பட்ட பதிவு. இரண்டாவது, அப்பதிவைச் சேமித்துள்ள கோப்பு. மூன்றாவது, கோப்பிலுள்ள எண்களை மின்னலையாக மாற்றும் சில்லு. இதனைக் கடைக்காரர்கள் 'டாக்' என்பர். நாம் இங்கு மாற்றி என்போம். நான்காவது, அம்மின்னலைக்கு வலிமை சேர்க்கும் பெருக்கி. ஐந்தாவது, மின்னலையைக் காற்றின் அதிர்வாக்கும் ஹெட்போன். ஆறாவது, கேட்பவரின் செவி.

இவ்வாறனுள் மாற்றி, பெருக்கி என்னும் இரண்டு மட்டுமே திறன்பேசியைச் சார்ந்தவை. அவையும் எப்போதும் திறன்பேசிக்குள் இருப்பதில்லை என்பதைப் பின்னர்க் காண்போம். சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியைப் பொறுத்தது. நான்கு கண்ணிகளை ஆராயாமல் இரண்டு கண்ணிகளுக்கு மட்டும் பொன்முலாம் பூசுவது பயன் தராது. இதனை மனத்திற்கொண்டு ஒவ்வொரு நிலையாக நோக்குவோம்.

எண்ணாகிய ஒலி

மனிதச் செவி நொடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும் என்பது பொதுவான அளவு. இம்மேல் எல்லை இளமைக்கு உரியது. வயது ஏற ஏற அது படிப்படியாகத் தாழ்கிறது. ஓர் அலையை அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் மாதிரியெடுத்தால், அவ்வலையை முழுமையாக மீட்டெடுக்கலாம் என்பது மாதிரியெடுப்புத் தேற்றம். ஹாரி நைக்குவிஸ்ட் 1928இல் இதற்கு வித்திட்டார். கிளாட் ஷானன் 1949இல் இதனை விரிவாக நிறுவினார். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு நொடிக்கு 44,100 மாதிரிகளையும், ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட்டுகளையும் கொண்டமைந்தது இத்தேற்றத்தின் வழியிலேயே. 16 பிட்டுகள் ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளியைத் தருகின்றன. அமைதியான அறையின் மெல்லிய சலசலப்புக்கும் பொறுத்தற்கரிய பேரோசைக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய அவ்வளவே.

அவ்வாறாயின், அதற்கு மேற்பட்ட எண்களால் செவிக்குப் பயன் உண்டா? அமெரிக்க ஆய்வாளர்களான பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. உயர்தரப் பதிவுகளை நேராக ஒரு முறையும், குறுந்தகட்டின் தரத்துக்குக் குறைத்து ஒரு முறையும் ஒலிக்கச் செய்து, எது எது என்று கேட்பவர்களிடம் வினவினர். 554 முறை நடந்த அத்தேர்வில் சரியான விடைகள் ஏறத்தாழப் பாதியாக இருந்தன. நாணயத்தைச் சுண்டி விடை சொன்னாலும் அதே அளவே கிட்டியிருக்கும். 2016இல் ஜோஷுவா ரீஸ் என்பார் இத்தகைய 18 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கினார். சரியான விடைகள் நூற்றுக்கு 52.3 என அவர் கண்டார். வேறுபாடு அறவே இல்லை என்று கூற இயலாது; ஆயினும் அது மிக மிக மெல்லியது என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது பெறப்படும் முடிவு.

கோப்பின் தரம் கருதத்தக்கதே. சுருக்கப்படாத குறுந்தகட்டு ஒலிக்கு நொடிக்கு 14 இலட்சத்து 11 ஆயிரத்து 200 பிட்டுகள் தேவை. எம்பி3 போன்ற முறைகள் செவிக்கு எளிதில் புலப்படாத கூறுகளை நீக்கி இதனைச் சுருக்குகின்றன. நொடிக்கு 3,20,000 பிட்டுகள் என்னும் அளவில் சுருக்கியதை மூலத்திலிருந்து பிரித்தறிவது பலருக்கு அரிது. 64,000 அல்லது 96,000 பிட்டுகளாகச் சுருக்கினாலோ தாளக்கட்டையின் கிண்கிணி ஒலியும், பாடகரின் சகர ஸகர ஒலிகளும் மணல் கலந்தாற்போல் கரகரக்கும். இக்குறையை எவ்வளவு விலையுயர்ந்த திறன்பேசியாலும் நீக்க முடியாது. இழந்ததை மீட்கும் ஆற்றல் மாற்றிக்கு இல்லை.

மின்னழுத்தம் போதுமா?

அளவையியல் நோக்கில், இக்காலத் திறன்பேசிகளிலும் இணைப்பான்களிலும் உள்ள மாற்றிகளில் பெரும்பாலானவற்றின் இரைச்சலும் உருக்குலைவும் செவியின் எல்லைக்குக் கீழேயே அடங்கிவிடுகின்றன. எனவே வேறுபாட்டை மாற்றியில் தேடுவதை விடப் பெருக்கியில் தேடுவதே தக்கது. பெருக்கியிடம் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. போதிய மின்னழுத்தம் தருகிறதா என்பது ஒன்று. அதன் உள் மின்மறுப்பு எவ்வளவு என்பது மற்றொன்று.

முதல் வினாவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 650 இசை ஆர்வலர்களிடையே பெயர்பெற்ற ஹெட்போன். அதன் மின்மறுப்பு 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் அது 103 டெசிபல் ஓசை எழுப்பும் என்பது நிறுவனம் தரும் அளவு. மின்னழுத்தம் இருமடங்கானால் ஓசை 6 டெசிபல் ஏறும். பாதியானால் 6 டெசிபல் இறங்கும். எனவே 0.5 வோல்ட் தரும் கருவியில் அதன் உச்சம் 97 டெசிபல். 1 வோல்ட்டில் 103. 2 வோல்ட்டில் 109.

இசையின் சராசரி ஓசை அதன் உச்சத்திலிருந்து பெரும்பாலும் 10 முதல் 20 டெசிபல் தாழ்ந்திருக்கும். 15 எனக் கொண்டால், அம்மூன்று கருவிகளிலும் சராசரி ஓசை முறையே 82, 88, 94 டெசிபல் ஆகும். அமைதியான அறையில் அமர்ந்து கேட்பவருக்கு முதல் அளவே போதும் எனலாம். மிக மெல்லிதாகப் பதிவான கச்சேரிகளுக்கு மட்டும் இரண்டாம் அளவு வேண்டியிருக்கும். எளிதில் இயங்கும் 32 ஓம் ஹெட்போன்களுக்கோ இவ்வினா பெரும்பாலும் எழுவதே இல்லை.

எல்.ஜி. நிறுவனம் 2015இல் வி10 என்னும் பேசியில் தொடங்கி, 2016இல் வி20, 2017இல் வி30 என வெளியிட்ட வரிசை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஈ.எஸ்.எஸ். நிறுவனத்தின் மாற்றிகள் அவற்றில் அமைந்தன. வி30 பேசி, செருகப்பட்ட ஹெட்போனின் மின்மறுப்பைத் தானே அளந்து, அது உயர்வாக இருந்தால் மட்டும் ஏறத்தாழ 2 வோல்ட் வரை மின்னழுத்தத்தை உயர்த்தித் தந்தது. உயர் மின்மறுப்பு ஹெட்போன் வைத்திருந்தோர் அதனைப் போற்றியதன் காரணம் இதுவே. மாற்றியில் ஏதோ மாயம் இருந்ததால் அன்று; மின்னழுத்தம் மிகுந்ததால் ஓசை மிகுந்தது. அந்நிறுவனம் 2021இல் திறன்பேசித் தொழிலை விட்டு விலகியது.

உள் மின்மறுப்பு

இரண்டாவது வினா மேலும் நுட்பமானது. ஆயின் உண்மையான வேறுபாடு மறைந்திருக்கும் இடம் இதுவேயாகும். ஒவ்வொரு பெருக்கிக்கும் ஓர் உள் மின்மறுப்பு உண்டு. ஹெட்போனுக்குரிய மின்னழுத்தத்தில் ஒரு பகுதியை அது தானே விழுங்கிக்கொள்கிறது. எல்லா அதிர்வெண்ணிலும் சம அளவில் விழுங்கினால் தீங்கில்லை. ஓசையைச் சற்று உயர்த்திக் கொள்ளலாம். ஆனால் ஹெட்போனின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவது. மின்மறுப்பு தாழும் இடத்தில் இழப்பு மிகும். உயரும் இடத்தில் குறையும். அதனால் ஒலியின் சமநிலையே மாறிவிடுகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். காதுக்குள் செருகும் ஓர் இயர்போனின் மின்மறுப்பு சில அதிர்வெண்களில் 32 ஓமாகவும், வேறு சிலவற்றில் 8 ஓமாகவும் இருப்பதாகக் கொள்வோம். பல ஒலிப்பான்களை ஒரே கூட்டில் அடக்கிய இயர்போன்களில் இத்தகைய ஏற்றத்தாழ்வு இயல்பே. பெருக்கியின் உள் மின்மறுப்பு 10 ஓம் எனில், முதல் இடத்தில் இழப்பு 2.36 டெசிபல், இரண்டாம் இடத்தில் 7.04 டெசிபல். இரண்டுக்கும் இடையே 4.68 டெசிபல் வேறுபாடு. இது எவருக்கும் புலப்படும். உள் மின்மறுப்பு 1 ஓம் எனில், அவ்வேறுபாடு ஏறத்தாழ முக்கால் டெசிபலாகச் சுருங்கிவிடும். ஒரே இயர்போன் ஒரு பேசியில் இனிமையாகவும் மற்றொன்றில் மங்கலாகவும் ஒலிப்பதாகச் சிலர் கூறுவது இவ்விடத்தில் பொய்யன்று. அதற்குக் காரணம் இருக்கிறது.

மேலே கண்ட 300 ஓம் ஹெட்போனை இதே 10 ஓம் பெருக்கியுடன் இணைத்தால் என்னாகும்? அதன் மின்மறுப்பு தாழ்ந்த சுருதியில் 500 ஓம் வரை உயர்வதாகக் கொண்டாலும் வேறுபாடு 0.11 டெசிபலே. செவி அதனை உணராது. ஆக, உயர் மின்மறுப்பு ஹெட்போன் மின்னழுத்தத்தைக் கேட்கிறது. தாழ் மின்மறுப்பு இயர்போன் உள் மின்மறுப்பின் சிறுமையைக் கேட்கிறது. இருவகைக்கும் வேண்டுவது வேறுவேறு. எனவே எந்த ஹெட்போனுக்கு என்று சொல்லாமல், எந்தத் திறன்பேசி சிறந்தது என்று மட்டும் வினவுவது பொருளற்ற வினாவாகும்.

பெருக்கியின் உள் மின்மறுப்பு ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மிகாதிருப்பது நன்று என்னும் எளிய விதியைப் பொறியாளர்கள் கையாளுகின்றனர். 32 ஓமுக்கு 4 ஓம். 16 ஓமுக்கு 2 ஓம். 300 ஓமுக்கு 37 ஓமே போதும்.

ஜாக் மறைந்த பின்

3.5 மில்லிமீட்டர் ஜாக் டிரான்சிஸ்டர் வானொலிக் காலத்திலிருந்து நமக்குப் பழக்கமானது. 1979இல் வந்த வாக்மேன் அதனை உலகெங்கும் பரப்பியது. 2016இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7இல் அதனை நீக்கியது. 2017இல் கூகுளின் பிக்சல் 2 அவ்வழியைப் பின்பற்றியது. சாம்சங்கின் உயர்வகை 'எஸ்' வரிசையில் ஜாக் இறுதியாக இடம்பெற்றது 2019இன் எஸ்10இல். சோனி மட்டும் நீக்கிய ஜாக்கை 2020இல் தன் எக்ஸ்பீரியா 1 இரண்டாம் பதிப்பில் மீண்டும் வைத்தது. விலை குறைந்த பேசிகள் பலவற்றில் ஜாக் இன்றும் தொடர்வது கருதத்தக்கது.

இம்மாற்றத்தின் விளைவைப் பலரும் உணர்ந்திலர். ஜாக் இருந்தபோது மாற்றியும் பெருக்கியும் திறன்பேசிக்குள் இருந்தன. ஜாக் இல்லாத பேசியில் யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் சிறு இணைப்பான்களில் பெரும்பாலானவை தமக்குள்ளேயே மாற்றியையும் பெருக்கியையும் கொண்டுள்ளன. பேசி எண்களை மட்டுமே அனுப்புகிறது. அந்நிலையில் இரண்டு பேசிகளை ஒரே இணைப்பானில் ஒப்பிடுவது, ஒரே தபாலைக் கொண்டுவரும் இரண்டு தபால்காரர்களின் கையெழுத்தை ஒப்பிடுவது போன்றது. கையெழுத்து கடிதம் எழுதியவருடையது.

ஆகவே, எந்தப் பேசி என்னும் பழைய வினா இன்று பெரும்பாலும் எந்த இணைப்பான் என்பதாக மாறிவிட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் யு.எஸ்.பி.-சி இணைப்பான் விரல் நீளமே உடையது. விலையும் திறன்பேசியின் விலையில் மிகச் சிறு பகுதி. அளவீடுகளில் அதன் உருக்குலைவும் உள் மின்மறுப்பும் மிகக் குறைவாக இருப்பது தெரிய வந்துள்ளது. அதிலும் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அமெரிக்காவில் விற்கப்படுவது ஏறத்தாழ 1 வோல்ட் தருகிறது, ஐரோப்பாவுக்குரியது 0.5 வோல்ட்டே தருகிறது. செவிக் காப்பு விதிகளே இக்குறைவுக்குக் காரணம். மேலும், சில ஆண்ட்ராய்டு பேசிகளில் இவ்விணைப்பான் தன் முழு ஓசையை எட்டுவதில்லை. இணைப்பான் வாங்குவோர் தம் பேசியிலேயே செருகிக் கேட்டபின் வாங்குவது நலம். மாற்றி இல்லாத வெறும் இணைப்பான்களும் கடைகளில் உண்டு; அவை எண்களை மட்டும் அனுப்பும் பேசிகளில் இயங்கா.

ஆண்ட்ராய்டு பேசிகள் எந்தக் கோப்பையும் நொடிக்கு 48,000 மாதிரிகளாக மாற்றி அனுப்புவது நெடுங்கால வழக்கம். 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14, யு.எஸ்.பி. வழியே கோப்பை மாற்றமின்றி அனுப்புவதற்கு வழிவகுத்தது. செம்மையாகச் செய்யப்பட்டால் அம்மாற்றம் செவிக்குப் புலப்படுவது அரிது என்பதால், இதனைப் பெரிதாகக் கருத வேண்டுவதில்லை.

புளூடூத் வழியாகக் கேட்போருக்கு மாற்றியும் பெருக்கியும் ஹெட்போனுக்குள்ளேயே உள்ளன. அங்குப் பேசிகளுக்கிடையே உள்ள வேறுபாடு, ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை ஒன்றே. எஸ்.பி.சி. என்னும் அடிப்படை முறை எல்லாவற்றிலும் உண்டு. ஐபோன் அதனோடு ஏ.ஏ.சி. முறையைக் கையாளுகிறது. ஆண்ட்ராய்டு பேசிகள் பலவற்றில் சோனி 2015இல் அறிமுகப்படுத்திய எல்.டி.ஏ.சி. முறையும் உண்டு. அது நொடிக்கு 9,90,000 பிட்டுகள் வரை அனுப்பும். அதுவும் குறுந்தகட்டின் 14 இலட்சத்தை எட்டவில்லை என்பதையும், நெரிசலான இடங்களில் தன் அளவைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஹெட்போனின் பங்கு

மாற்றிகளுக்கிடையே வேறுபாடு டெசிபலின் பின்னங்களில் அடங்கும். ஹெட்போன்களுக்கிடையே வேறுபாடோ சில அதிர்வெண்களில் 10 டெசிபலுக்கும் மேல் செல்லும். எனவே இசைக்கென ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கை ஹெட்போனுக்கே செலவிடுவது அறிவுடைமை. அங்கும் விலையை மட்டும் நம்புதல் ஆகாது. ஜெரோன் பிரீபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒலியின் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை.

பொருத்தமும் இன்றியமையாதது. காதுக்குள் செருகும் இயர்போனின் ரப்பர் முனை காதை முழுமையாக அடைக்காவிடில் தாழ்ந்த சுருதிகள் கசிந்து மறையும். மிருதங்கம் வெறும் தட்டலாகக் கேட்கும். "இந்தப் பேசியில் அடிச்சுருதியே இல்லை" என்னும் குறை பல நேரங்களில் இதனால் எழுவதே. பெட்டியில் தரப்படும் மூன்று அளவு முனைகளையும் மாற்றிப் பார்த்தால், செலவின்றியே குறை நீங்கும்.

நாமே ஒப்பிடும் முறை

பிறர் சொல்லை ஏற்பதினும் நாமே சோதித்தறிவது கற்றவர்க்கு அழகு. எனினும் செவி எளிதில் ஏமாறும் உறுப்பு. ஓசை சற்று மிகுந்த கருவி எப்போதும் சிறந்த கருவியாகத் தோன்றும். செவி ஓசையின் அளவுக்கேற்பத் தாழ்ந்த சுருதிகளை வெவ்வேறாக உணர்கிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினர். விலையும் பெயரும் தெரிந்திருந்தால் மனமும் ஒருபுறம் சாயும். எனவே பின்வரும் முறையைப் பரிந்துரைக்கிறோம்.

1. இரண்டு கருவிகளிலும் ஒரே கோப்பை ஏற்றுக. இணையவழி ஒலிக்கும் பாடல்களைத் தவிர்க்க. அவற்றின் ஓசையும் தரமும் தாமே மாறக்கூடும்.

2. ஒலி மெருகூட்டும் அமைப்புகளையும் சமன்செய்யும் அமைப்புகளையும் நீக்குக. பல பேசிகளில் இவை வாங்கும்போதே இயங்கும் நிலையில் உள்ளன. இரண்டு பேசிகளுக்கிடையே உணரப்படும் பெரும் வேறுபாடு இவ்வமைப்புகளால் ஆனதாகவே பல நேரங்களில் இருக்கும்.

3. 400 ஹெர்ட்ஸ் அளவுள்ள ஒரே சீரான ஒலியை இயக்கி, ஹெட்போன் செருகப்பட்ட நிலையில் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளக்க. மாறுமின்னோட்டத்தில் 2 வோல்ட் அளவுகோல் உள்ள மீட்டர் வேண்டும். 200 வோல்ட்டில் தொடங்கும் மலிவான மீட்டர் பயன்படாது. இரண்டு கருவிகளும் நூற்றில் ஒரு பங்குக்குள் ஒத்திருக்க வேண்டும், அதுவே 0.1 டெசிபல் அளவு. பேசியின் ஓசைப் பொத்தானில் 15 அல்லது 16 படிகளே இருப்பதால் துல்லியம் கிட்டாது. நுண்ணிய அளவில் ஓசையை மாற்றும் செயலியைக் கையாளுக.

4. கேட்பவர் கருவியைப் பார்த்தல் ஆகாது. நண்பர் ஒருவர் ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, விழும் பக்கத்திற்கேற்ப ஒரு கருவியில் ஹெட்போனைச் செருகிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

5. 16 முறை இவ்வாறு செய்க. 12 அல்லது அதற்கு மேற்பட்ட சரியான விடைகள் வந்தால், அது தற்செயலாக நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு 4க்கும் குறைவு. அப்போது வேறுபாடு உண்டெனக் கொள்ளலாம். 8 அல்லது 9 எனில், வேறுபாடு புலப்படவில்லை என்று ஏற்பதே நேர்மை.

சோதனைக்குரிய பாடலைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். மிருதங்கத்தின் மேலொலிகள் ஒழுங்கான சுருதி உறவில் அமைந்திருப்பதைச் சர் சி.வி. இராமன் 1920இல் எடுத்துக்காட்டினார். அக்கருவியின் வலந்தலையில் எழும் தெளிந்த ஒலியும் இடந்தலையின் ஆழ்ந்த ஒலியும் ஒருங்கே அமைந்த பதிவு, மேல் கீழ் இரு எல்லைகளையும் ஒரே நேரத்தில் சோதிக்கும். அதனோடு, நமக்கு நன்கு பழக்கமான ஒருவரின் பேச்சுப் பதிவையும் வைத்துக்கொள்ளலாம். மனிதக் குரலின் இயல்பை நாம் பிறந்தது முதல் கேட்டு வருவதால், அதில் நேரும் திரிபைச் செவி விரைந்து கண்டுகொள்ளும்.

செவியைக் காத்தல்

இதுகாறும் கூறியவை பணத்தைப் பற்றியவை. இழந்த பணம் மீளலாம். இழந்த செவிப்புலன் மீள்வதில்லை. உட்செவியிலுள்ள மயிர்க்கலங்கள் மிகை ஓசையால் அழிந்தால் மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் இவ்விடருக்கு ஆளாகும் நிலையில் உள்ளனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 2018இல் அந்நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து வகுத்த அளவுப்படி, பெரியவர்கள் வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபல் ஓசையைக் கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். ஓசை 3 டெசிபல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகக் குறையும். 83 டெசிபலில் 20 மணி. 89இல் 5 மணி. 95இல் ஒன்றேகால் மணி. 101இல் வாரம் முழுவதற்குமே 19 நிமிடங்களுக்கும் குறைவு.

முன்னர் நாம் கணக்கிட்ட 82, 88, 94 என்னும் எண்களை இங்கே மீண்டும் நோக்குக. 'வலிமை குறைந்தது' என்று பழிக்கப்படும் 0.5 வோல்ட் இணைப்பானே முழு ஓசையில் இவ்வெல்லையைத் தாண்டிவிடுகிறது. 2 வோல்ட் தரும் கருவியை முழு ஓசையில் கேட்பவர், ஒரு வாரத்திற்குரிய அளவை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திலேயே கடந்துவிடுகிறார். மிகுந்த மின்னழுத்தம் தேவைக்கு உதவும் கையிருப்பேயன்றி, நாள்தோறும் செலவிடத்தக்கதன்று.

பேருந்திலும் கடைத்தெருவிலும் கேட்போர் வெளி இரைச்சலை வெல்வதற்காகவே ஓசையை உயர்த்துகின்றனர். அத்தகையோர்க்குத் திறந்த வகை ஹெட்போன் பொருந்தாது. காதை நன்கு மூடும் வகையைத் தேர்ந்தால், குறைந்த ஓசையிலேயே தெளிவு கிட்டும். சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இரண்டையும் தவிர்ப்பதே முறை.

முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் பெறப்படும் கருத்துகளைத் தொகுத்துக் கூறுவோம். பதிவும் கோப்பும் நன்றாக இருத்தல் முதல் தேவை. ஹெட்போனும் அதன் பொருத்தமும் ஒலித்தரத்தை மிகுதியாக நிர்ணயிக்கின்றன. பெருக்கியின் மின்னழுத்தமும் உள் மின்மறுப்பும் ஹெட்போனுக்கு ஏற்றவையாக இருந்தால் போதும். மாற்றியின் பெரிய எண்கள் செவிக்குத் தருவது மிகச் சிறிதே. ஜாக் இல்லாத பேசிகளில் ஒலித்தரம் இணைப்பானைச் சார்ந்தது. புளூடூத்தில் ஹெட்போனையும் சுருக்கும் முறையையும் சார்ந்தது.

ஆதலின், பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்னும் ஒரே காரணத்திற்காகப் புதிய திறன்பேசி வாங்க எண்ணும் மாணவர்கள், கையிலுள்ள பேசியுடன் நல்லதோர் இணைப்பானையும் தமக்குப் பொருந்தும் ஹெட்போனையும் சேர்த்துக் கேட்டுப் பார்ப்பார்களாக. பிள்ளைகளின் வேண்டுகோளுக்கு இசையும் முன், என்ன ஹெட்போன், எந்தக் கோப்பு, எவ்வளவு ஓசை என்னும் மூன்று வினாக்களைப் பெற்றோர் கேட்பார்களாக. ஆசிரியர்கள் மேற்கூறிய சோதனையை ஒரு பிற்பகலில் மாணவர்களைக் கொண்டு நடத்திக் காட்டலாம். இரண்டு பேசிகளும், ஒரு மீட்டரும், ஒரு நாணயமும் அதற்குப் போதும். விளம்பரத்தின் எண்ணை அளந்து பார்க்கும் பழக்கம் இவ்வொன்றில் கைவந்தால், பிறவற்றிலும் அது அவர்களுக்கு உதவும்.